சுவர்மேல் வைத்த பூசணிப்பூ

பள்ளிக்கூடத்து அறிவியல் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் குடுவை கழுவி, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, உடைந்த சோதனைக் குழாய்களுக்காகத் திட்டு வாங்கி ஓய்வு பெற்றவள் அவள். ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் தெருவுக்கு அவள் லேப் டீச்சர்தான். "டீச்சர் இல்லப்பா, அட்டெண்டர்" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? விட்டுவிட்டாள். எதையும் சட்டென்று விட்டுவிடுகிறவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. அவளுடைய பிடிவாதமெல்லாம் வேறோர் இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

அந்த இடம் கொல்லைச் சுவர். அப்பா இருந்த ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி, இந்தப் பாதியைப் பெரியவளுக்கும் அந்தப் பாதியைச் சின்னவளுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். வாசல் வேறு, கேட் வேறு. கொல்லையில் ஆளைவிட ஒரு சாண் உயரத்துக்குச் சுவர். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட லேப் டீச்சர் இந்தப் பக்கம். கணவனை இழந்து, பெற்ற பிள்ளையும் தூரதேசத்தில் இருக்க, தையல் மிஷினே துணையாக இருந்த தங்கை அந்தப் பக்கம். மிஷின் ஓடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். மற்றபடி எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

காரணம் அம்மா. அம்மா கடைசியாகப் படுத்தது பெரியவள் வீட்டில். தங்கை மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் மதியம், "போய்க் கொஞ்சம் படுத்துட்டு வா" என்று அக்காதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு மாறியது. கொல்லைக்கு வந்து சுவருக்கு மேலே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பாவம், இப்போதுதானே கண்ணை மூடியிருப்பாள், பத்து நிமிஷம் தூங்கட்டும் என்று நினைத்தாள். அம்மா பத்து நிமிஷம் காத்திருக்கவில்லை.

"அம்மா உனக்கு மட்டுந்தான் அம்மாவா?" என்று தங்கை கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. வேண்டுமென்றே கூப்பிடவில்லை, அம்மாவின் கடைசி மூச்சையும் தனக்கென்றே வைத்துக்கொண்டாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நடந்தது இதுதான் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இந்த லேப் டீச்சர். சொன்னாளா? என்னைப் போய் இப்படி நினைத்துவிட்டாளே என்ற ரோஷத்தில் முதல் வருஷம் போயிற்று. இனிமேல் சொன்னால் சாக்குப் போலிருக்குமே என்ற கூச்சத்தில் மீதி வருஷங்களும் போயின.

ஓய்வுக்குப் பிறகு அவளுக்குத் தோட்டமே கதி. கோடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சுமந்து வேருக்கு ஊற்றுவாள். மதியத்தில் இலைகள் துவண்டு தொங்கும்போது, "இருங்க, வெயில் தாழட்டும்" என்று கைக்குழந்தையைச் சமாதானம் செய்வது போலச் சொல்லுவாள். பனி நாளில் இலைமேல் மாவு தூவியது மாதிரி ஒரு வெள்ளை நோய் வரும். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். பழுத்த முதல் தக்காளியை அங்கேயே நின்று கடித்துத் தின்பது அவளுடைய ஒரே சொகுசு. மழைக்காலத்தில் நத்தை. கொல்ல மனம் வராமல், பொறுக்கி டப்பாவில் போட்டுத் தெருக்கோடி வரை கொண்டுபோய் விட்டு வருவாள். மறுநாள் அதே நத்தை திரும்பி வந்திருக்கிறது என்று சந்தேகப்படுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பூசணிக்கொடி ஒன்று யாரையும் கேட்காமல் சுவரேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அடிக்கொடியில், இந்தப் பக்கம் பூத்ததெல்லாம் ஆண்பூ. கீழே குட்டிப் பிஞ்சோடு வரும் பெண்பூவெல்லாம் நுனிக்கொடியில், அந்தப் பக்கம். அடைமழையில் தேனீ எட்டிப் பார்க்காது. ஆண்பூவின் மகரந்தத்தைக் கையால் பெண்பூவில் தடவினால்தான் பிஞ்சு நிற்கும். அதையும் வெயில் ஏறிப் பூ மூடிக்கொள்வதற்குள் செய்தாக வேண்டும்.

ஒரு நாள் காலை, வெம்பி விழுந்த பிஞ்சு ஒன்று சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. உன் கொடி லட்சணத்தைப் பார் என்று தங்கை வைத்திருக்கிறாள். லேப் டீச்சருக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் துவைகல்மேல் ஏறி, மூன்று ஆண்பூக்களை அதே இடத்தில் வைத்தாள். சற்று நேரத்தில் ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

அந்த வருஷம் ஒரு பூசணி நன்றாக முற்றியது. இரண்டாக அறுத்துக் காகிதத்தில் சுற்றிய துண்டு சுவர்மேல் வந்தது. பெரிய துண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. லேப் டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போதே போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. அடுத்தடுத்த மழைக்கும் பூ போயிற்று, துண்டு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

இந்த மழையில் ஒரு காலை, வழக்கம்போல் இரண்டு பூவை வைத்துவிட்டு நத்தை பொறுக்கினாள். "நேத்து கொண்டுபோய் விட்டவன்தானடா நீ" என்று ஒரு நத்தையை வாய்விட்டே திட்டினாள். நிமிர்ந்தபோது பூக்கள் அங்கேயே இருந்தன. உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். விளிம்பு சுருண்டு வாடியிருந்தன. மிஷின் சத்தமும் இல்லை. நூல் வாங்கப் போயிருப்பாள். இல்லையென்றால் அலுத்துப்போயிருக்கும், இத்தனை நாள் எடுத்துக்கொண்டதே பெரிது. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்று வாளியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பத்து நிமிஷம் போகட்டும் என்று அன்றைக்கு நினைத்தவளும் இவள்தானே. வாளியைப் போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல் தெருவழியே ஓடி, எட்டு வருஷமாகத் தொடாத கேட்டைத் திறந்தாள்.

தங்கை சுவரடியில் கிடந்தாள். பூ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கப் போட்ட முக்காலி பாசியில் வழுக்கிக் கவிழ்ந்திருந்தது. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உடம்பெல்லாம் நனைந்து நடுங்கினாலும் நினைவு இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, லேப் டீச்சர் சேற்றில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எப்போடி விழுந்த?"

"நீ பூ வைக்கறதுக்கு முன்னாடியே. நத்தையத் திட்டினியே, அதுகூடக் கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டா கிடந்த? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு நீ கொடுத்தியா?" என்றாள் தங்கை.

எட்டு வருஷமாக உள்ளே கிடந்தது ஒரு வழியாக வெளியே வந்தது. "நீ தூங்கிட்டிருந்தடி. மூணு நாளா கண்ணே மூடல நீ. பத்து நிமிஷம் தூங்கட்டும்னு விட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. தப்பு என் மேலதான்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் தங்கை. பிறகு, "நானும் கூப்பிடலாம்னுதான் பார்த்தேன். கூப்பிட்டும் நீ வரலைன்னா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். வண்டி வரும் வரை இரண்டு பேரும் அழுதார்கள்.

இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் கழித்துத் தங்கை வீட்டுக்கு வந்தாள். இரவெல்லாம் வலியில் புரண்டுவிட்டு விடியும்போதுதான் கண்ணயர்வாள். லேப் டீச்சர் பழக்கதோஷத்தில் தன் பக்கமிருந்து பூவைச் சுவர்மேல் வைத்துவிட்டு, தெருவைச் சுற்றி வந்து அந்தப் பக்கமிருந்து தானே எடுத்துக்கொள்வாள்.

மழை ஓயப்போகிற சமயம் ஒரு காலை, தங்கை படுத்திருந்த அறை ஜன்னலுக்கு நேராக ஒரு பெண்பூ விரிந்திருந்தது. அந்த வருஷத்தின் கடைசிப் பூவாக இருக்கும். ஆண்பூவும் கையுமாக ஜன்னலருகே வந்து பார்த்தாள். தங்கை வாயைப் பிளந்துகொண்டு அயர்ந்து தூங்கினாள். பாவம், தூங்கட்டும் என்று மனசுக்குள் எழுந்தது. லேப் டீச்சர் ஒரு கணம் நின்றாள். பிறகு ஜன்னல் கம்பியைத் தட்டினாள்.

"எழுந்திரு. பூ விரிஞ்சிருக்கு, பாரு."

"மனுஷியத் தூங்க விடமாட்டியா நீ?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் தங்கை.

"மாட்டேன்" என்றாள் லேப் டீச்சர்.