வேப்பெண்ணெய் ஊற்றிய கேன்

தாராவியில் என் வடைக்கடைக்குப் பழைய எண்ணெய் எடுக்க ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. கேனைத் திறந்ததும் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். வடை கொடுத்தால் மட்டும் தொடமாட்டார்.

முன்பு விறகு எரித்தோம். பிறகு மண்ணெண்ணெய், பிறகு கேஸ். இப்போது வடை சுட்ட எண்ணெயில் டீசல் செய்து லாரி ஓட்டுகிறார்களாம். அவர்தான் சொன்னார். நான் நம்பவில்லை. மறுபடி பலகாரம் சுட வேறு கடைக்கு விற்றால்? என் மகள் பள்ளிக்கூட வாசலில் தினமும் பஜியா தின்கிறாள்.

ஒருநாள் கேனில் வேப்பெண்ணெய் கலந்து வைத்தேன். கசந்தால் எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். அவர் முகர்ந்தார். கண்ணைத் திறந்தார்.

“என்ன அண்ணாச்சி, வேப்பெண்ணெய் வாடை அடிக்கி?”

“ஏன், லாரிக்குக் கசக்குமாவே?”

அவர் சிரித்துவிட்டார். “லாரிக்கு ஏது நாக்கு? அதுவும் எரியுற எண்ணெய்தான. இன்னும் ஊத்துங்க.”

கேனை டெம்போவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். முதல் தடவையாக ஒரு வடை கேட்டார். அதைப் பிட்டு, கண்ணை மூடி முகர்ந்தார்.

“புது எண்ணெய்தான அண்ணாச்சி?”

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம் என்றேன். பிறகுதான் தின்றார்.

இப்போதும் வாராவாரம் வருகிறார். நான் வேப்பெண்ணெய் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அவரும் முகராமல் தின்பதில்லை.