வெல்டிங்தான் என்றார் வீம்பு

எங்கள் ஆபீசில் அவருக்கு வீம்பு என்று பெயர். வைத்தவள் நான்தான். சூரியனிலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைத் திரையில் பார்த்துச் சொல்வது எங்கள் இருவருக்கும் வேலை. ஒரே அறை, இரண்டு மேஜை, நடுவில் ஒரு பீரோ. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அதை இழுத்துப் போட்டவர் அவர். எனக்கும் அந்த மூஞ்சியைப் பார்க்க ஒன்றும் ஆசையில்லை.

தொழில் தெரிந்த மனுஷன், அதை மறுக்க மாட்டேன். சூரியனில் வெடிப்பு நடந்தால் திரையில் சடசடவென்று நேர்கோடுகள் விழும். பின்னாலேயே ஒரு பட்டை சாய்ந்து மெல்ல இறங்கினால் ஜாக்கிரதை. அதிர்வலை கிளம்பிவிட்டது, அது விரட்டும் துகள்கள் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வரலாம். வராமலும் போகலாம். வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் கேமரா காலி. அப்படி ஒரு கேமராவை அவர் மகள் தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுக் கட்டியிருந்தாள். அணைத்து வைத்தால் தப்பும், ஆனால் மறுபடி எழுப்ப இரண்டு நாள் ஆகுமாம். அதனால் அப்பா சொன்னால்தான் அணைப்பாள்.

பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே தீப்பொறி பறந்தாலும் எங்கள் திரையில் நேர்கோடு விழும். பட்டறைக்காரனோடு இவர் போடாத சண்டையில்லை. அன்றும் கோடு விழுந்ததும், "ஆரம்பிச்சுட்டான் படுபாவி!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அவர் போன பிறகுதான் பட்டை சாய்ந்து இறங்கியது. வெல்டிங் கோடு சாயாது. அவர் மகளுக்கு நானே போன் போட்டேன்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றாள்.

வீம்பு திரும்பி வந்தார். கத்தவில்லை, ஒன்றுமில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். அவர் போன் அடித்தது. பீரோவுக்கு மேலே எட்டி என் திரையைப் பார்த்தார். பட்டை பளிச்சென்று தெரிந்தது.

"அணைக்கச் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னார்: "வெல்டிங்தாம்மா. இந்த அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம். நீ உன் வேலையைப் பாரு."

கொஞ்ச நேரத்தில் கேமரா அனுப்பிய படமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அப்புறம் படமே வரவில்லை. அவள் போனில் அழுதது பீரோவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"நான் என்னம்மா பண்ணுவேன்? அந்தப் பட்டறைக்காரன் பண்ணின வேலை" என்றார். சண்டாளர், நிஜமாகவே குழம்பித்தான் போனாரோ என்று எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

சாயங்காலம் பட்டறை வழியாக நடந்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"நேத்தே ஊருக்குப் போயிட்டாரும்மா. உங்க சார்கூட இன்னைக்கு வந்தாரே. பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனார்."