பஸ் தரிப்பில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை

மோர்னிங்சைட் பஸ் தரிப்பில் பனி கொட்டுகிறது. புரட்சிக்காலப் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றின் பக்கத்தை நூலகத்தில் நகல் எடுத்த கையோடு, நின்றபடியே வாசிக்கிறேன். தடித்த ஃபைலை அணைத்தபடி நிற்கும் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்.

"உது என்ன சொல்லுது, தம்பி?"

"மனிசருக்கு உரிமையை அரசன் குடுக்கிறேல்லையாம் அண்ணை. பிறக்கேக்கையே இயற்கை குடுத்திட்டுதாம்!"

"நாளைக்கு எனக்கு அகதி வழக்கு. அப்ப நான் ஏன், இஞ்சை இருக்க விடுங்கோ எண்டு கேட்டு நிக்கவேணும்?"

கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார்.

"உதை அங்கை சொன்னா லோயர் என்னை விட்டிட்டு ஓடியிடுவார். கேட்டதுக்கு மட்டும் வாய் திறக்கட்டாம்."

பஸ் வருகிறது. என்னிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குகிறார். வழக்கு ஃபைலுக்குள் வைக்கவில்லை, மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிறார்.