மடித்து வைத்த கம்பளிச் சட்டைகள்

இன்று அலமாரியைத் திறந்ததும் எழுந்த பூச்சி உருண்டை வாசம், மெல்பர்னில் யூதர்கள் நடத்திய, இப்போது அடுக்குமாடியாகிவிட்ட உதவி மண்டபத்துக்கு என்னைக் கொண்டுபோனது. இல்லாதவர்களுக்கென்று நீண்ட மேசைகளில் கம்பளி உடுப்புகள் குவிந்திருக்க, கெட்டிலின் சீறலும் வயதான பெண்களின் ஹங்கேரியப் பேச்சும் ஓயாமல் கேட்கும். என் சிறுவயதில் ஒருநாள் அங்கே அம்மா எனக்கொரு கம்பளிக் கோட்டைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, கோயிலில் பழக்கமான வசந்தா அன்ரி வெறும் பையோடு உள்ளே வந்தார்.

“நான் இங்க உடுப்பு மடிச்சுக் குடுக்க வாறனான்,” என்றார் அம்மா அவசரமாக.

“ஓம், நானும் அதுக்குத்தான் வந்தனான்,” என்று அன்ரி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மாலைவரை மடித்தார்கள். மேசையைக் கவனித்த முதிய பெண் நன்றி சொல்லித் தேநீர் தந்தார். அந்தக் கோட்டும் இல்லாமல் வெறுங்கையோடு டிராமுக்கு நடக்கையில், குளிரில் நடுங்கிய என்னைச் சேலைத் தலைப்பால் போர்த்திய அம்மா, வீடுவரை என் பக்கம் திரும்பவேயில்லை.