ஒன்பது நாற்பதிலிருந்து ஒன்பது நாற்பது வரை

"கிகாலிக்கு விமானம் எத்தனை மணிக்கு, பொண்ணே?"

"காலையில ஒன்பது நாற்பதும்மா."

"போய்ச் சேர?"

"ஒன்பது நாற்பது."

"கெளம்புறது தெரிஞ்சுபோச்சு. போய்ச் சேர்றதைச் சொல்லு."

"அதுவும் ஒன்பது நாற்பதுதான். அங்க கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால. பறக்கறதும் ஒரு மணி நேரம்தான். முந்நூத்து நாற்பது கிலோமீட்டர்."

நாலோங்கோ கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அப்போ சாப்பாடு ஆறவே ஆறாது!"

கம்பாலாவின் வாண்டெகேயா சந்தையில் சமையல் கடை வைத்திருப்பவள் அவள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நாலோங்கோ. அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே, பயணச்சீட்டுக்காகப் பாஸ்போர்ட்டைப் பிரித்தபோதுதான் பயண அலுவலகப் பெண் நகிமுலிக்குத் தெரிந்தது. மூத்த மகள் பபிர்யே கிகாலியில் பிள்ளை பெற்று எட்டு நாள் ஆகியிருந்தது. எதைத் தின்றாலும் தொண்டைக்குள் இறங்கவில்லையாம். போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: வாழையிலைக்குள் வைத்து அவித்த அம்மாவின் லுவோம்போ. சூடாக.

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத நகிமுலி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எண்டெபெ விமான நிலையம் போகணும், அங்க காத்திருக்கணும், இறங்கி வீட்டுக்குப் போகணும். அடுப்புலேர்ந்து எடுத்தா அஞ்சு மணி நேரம் ஆகும்மா."

"அப்படியா? அஞ்சு மணி நேரம் இங்கயே வெச்சுப் பார்த்துடுவோம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய பொட்டலத்தோடு நாலோங்கோ பயண அலுவலகத்துக்குள் நுழைந்தாள். நகிமுலி மேசையைச் சுற்றி வந்து, பெரியவர்களுக்குச் செய்யும் முறைப்படி மண்டியிட்டு வணங்கினாள். பொட்டலத்துக்கு ஒரு நாற்காலி, நாலோங்கோவுக்கு ஒரு நாற்காலி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே பறப்பவள் போல விறைப்பாக உட்கார்ந்தாள்.

"இப்போ எங்க இருக்கோம்?" என்று அவ்வப்போது கேட்டாள்.

நகிமுலி கடிகாரத்தைப் பார்த்து, "எண்டெபெதாம்மா. இன்னும் உள்ளயே விடலை" என்றாள்.

நிலக்கடலைக் குழம்பின் மணம் முதலாளி முகிபியை இழுத்து வந்தது. "பிரிச்சுத்தான் பாருங்களேன்!"

"நடு வானத்துல கதவைத் திறப்பீங்களா? கையை எடுங்க!"

ஒரு மணிக்குப் பிரித்தாள். ஆவி பறந்தது. முகிபி கைதட்டினார். அப்போதுதான் நகிமுலி மெல்லச் சொன்னாள்: "அம்மா, அந்த ஊருக்குள்ள பிளாஸ்டிக்கை விடமாட்டாங்க. வாங்கி வெச்சுக்குவாங்க."

"அஞ்சு மணி நேரமா வாயில என்னடி வெச்சிருந்தே?"

அடுத்த நாள் மறுபடியும் ஒரு பயணம். இந்த முறை பிளாஸ்டிக்குக்குப் பதில் இன்னும் ஆறு வாழையிலை, அதன்மேல் ஒரு பழைய கம்பளி. ஒரு மணிக்கு விரலை வைத்த முகிபி அலறினார். நாலோங்கோ அங்கேயே டிக்கெட் எடுத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஊர் திரும்பியவள் நேராக அலுவலகத்துக்கு வந்தாள். "இலையைப் பிரிச்சதும் ஆவி! கொண்டுபோன ரெண்டு பொட்டலத்தையும் ஒத்தை ஆளா முடிச்சுட்டா என் மக" என்றாள். உடனே முகம் சுருங்கியது. "ஆனா போறப்ப நேரமே ஆகலை. வர்றப்ப பாரு, ரெண்டு மணி நேரம் இழுத்தடிச்சுட்டான்."

கடிகாரக் கணக்கை விளக்க வாயெடுத்த நகிமுலி, வழக்கம்போல மூடிக்கொண்டாள்.

நாலோங்கோ மேசைமேல் சாய்ந்து குரலைத் தணித்தாள். "அடுத்த மாசம் பேரனைப் பார்க்கத் திரும்பப் போறேன். திரும்பி வர்றதுக்கும் அந்தப் போற விமானத்துலயே எனக்கு ஒரு இடம் போட்டுக் குடு கண்ணு."