பெட்டிசம் ஸமட்டும் தரமுயர்ந்த ஆஸ்பத்திரியும்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்காக அப்துல் ஸமட் காக்கா எழுதிய பெட்டிசங்கள் மொத்தம் நாற்பத்தொன்று. எண்ணித்தான் சொல்கிறேன், ஏனென்றால் நாற்பத்தொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் நான் உபதலைவர். குழுவில் ஒன்பது உபதலைவர்கள் இருந்தோம், ஆகையால் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஸமட் காக்கா கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, பையில் எப்போதும் இரண்டு பேனை. ஒன்று மற்றவர்களுக்குக் கொடுக்க, மற்றது யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க. ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பள்ளிவாசல் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவன் கையில் பேனையைத் திணித்தால் அவன் என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்து வைப்பான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்த ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. நானும் வாசித்ததில்லை.

பெட்டிசம் ‘மாண்புமிகு ஐயா’ என்று தொடங்கும், பன்னிரண்டு பேருக்குப் பிரதி போகும், கடைசியில் ‘இங்ஙனம், பொதுமக்கள்’ என்று முடியும். தன் பெயரை அவர் ஒருநாளும் போட்டதில்லை. தனி ஆள் எழுதினால் அது முறைப்பாடு, பொதுமக்கள் எழுதினால்தான் அது கோரிக்கை என்பது அவருடைய கட்சி.

அரசியலிலும் சுகாதாரத்திலும் அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. கல்முனைக்கு நிபுணர்கள் வேலை செய்யும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அக்கரைப்பற்றுக்கும் இருக்கிறது, இடையில் இருக்கும் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது முதல் கருத்து. பெயர்ப்பலகை மாறினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது இரண்டாவது. “போர்ட் வந்தா டொக்டர் வருவார், டொக்டர் வந்தா மெசின் வரும்” என்று தேநீர்க்கடையில் அடித்துச் சொல்வார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த வரிசை மாறவில்லை. நாங்களும் தலையாட்டினோம். சுகாதாரச் சீர்திருத்தம் என்றால் பலகைச் சீர்திருத்தம் என்றுதான் எங்கள் ஊர் விளங்கி வைத்திருந்தது.

பலகை மாறுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நீளக் கட்டடம், ஒரு பிரசவ அறை, கனகரெத்தினம் ஐயா. அவர் பெரிய பட்டம் பெற்ற டொக்டர் அல்ல, உதவி வைத்திய அதிகாரி. தம்பிலுவில் என்ற தமிழ் ஊர் ஆள். தமிழ் ஊருக்கு முஸ்லிமும் முஸ்லிம் ஊருக்குத் தமிழனும் போகப் பயந்த கெட்ட காலங்களிலும் அவர் எங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. பாதை மூடியிருந்தால் ஆஸ்பத்திரி விடுதியிலேயே வாரக்கணக்கில் படுத்துக்கொள்வார். எங்கள் வாலிபர்களில் பாதிப் பேரின் தலையை முதலில் பிடித்தது அவருடைய கைதான். பிற்காலத்தில் அந்தத் தலைகள்தான் தகுதியான டொக்டர் வேண்டும் என்று பெட்டிசத்தில் கையெழுத்து வைத்தன.

சுனாமி அன்று ஸமட் காக்காவின் மனைவி ஸுல்பிகாவைக் கடல் கொண்டுபோனது. பதினாறு வயது மகள் ஸப்னா, இடிந்த மதில் ஒன்றின் கீழ் கால் கிழிந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குள்ளும் தண்ணீர். கனகரெத்தினம் ஐயா கடலுக்குத் தள்ளி இருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் மேசையைக் கட்டிலாக்கி, பொழுது சாயும்வரை தையல் போட்டார். ஸப்னாவின் காலை அவர்தான் காப்பாற்றினார். அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று ஸமட் காக்கா அழுததை நான் பார்த்தேன். மனைவிக்காகவும் மகளுக்காகவும் ஒரே நேரத்தில் அழுதார்.

மூன்று மாதத்தில் அடுத்த பெட்டிசம் எழுதினார். அதோடு சுனாமிக்கு முன் எடுத்த கையெழுத்துப் பட்டியலையே இணைத்தார். கடலோடு போன பதினொரு பேரும் ஆதார வைத்தியசாலை கேட்டார்கள். இது சரியில்லையே என்று நான் முணுமுணுத்தபோது, பட்டியலில் ஸுல்பிகாவின் கையெழுத்தைக் காட்டினார். “இத வெட்ட எனக்குக் கை வரல்ல” என்றார்.

அந்தப் பெட்டிசத்தின் ஏழாவது பந்திதான் பிறகு வினையாக முடிந்தது. ‘தகுதிவாய்ந்த நிபுணர்கள் எவருமின்றி, ஓர் உதவி வைத்திய அதிகாரியே சகலதையும் பார்க்கும் அவல நிலை இங்கு நிலவுகிறது’ என்று எழுதியிருந்தார். ஐயாமேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. எழுத்துக்கு ஒரு காரம் வேண்டும் என்று போட்ட பந்தி. பிறகு வந்த பெட்டிசங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பந்தி அப்படியே போனது.

இரண்டாயிரத்தெட்டில் மாகாண சபைத் தேர்தல் வந்தது. எங்களுக்கு இரண்டு அரசியல்வாதிகள், இரண்டு பேரும் ஆஸ்பத்திரியைத் தரமுயர்த்தியது தாம்தான் என்று போஸ்டர் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரி உண்மையில் தரமுயர்ந்துவிட்டதென்று அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். கம்பு தட்டி ஆடும் பொல்லடி அடித்து, பொன்னாடை போர்த்தி, மூன்று மொழிப் பலகையைத் திரைநீக்கம் செய்தோம். பழைய பலகையை ஓட்டோ ஓட்டும் மர்சூக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டான். ஸமட் காக்காவின் கழுத்தில் விழுந்த மாலை அன்று முழுக்கக் கழற்றப்படவில்லை.

பலகை மாறிய நான்காம் மாதம் ஒரு கடிதம் வந்தது. ஆதார வைத்தியசாலையின் ஆளணிப் பட்டியலில் உதவி வைத்திய அதிகாரி என்ற பதவி இல்லையாம். கனகரெத்தினம் ஐயாவைத் தெற்கே நாலு மைல் தள்ளி, ஒரு தமிழ்க் கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். பிரியாவிடை வைத்தோம். வாழ்த்துப்பா எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஐயா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, எழுத்து வடிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பிறகு மகப்பேற்று நிபுணர் வந்தார். தனக்கு ஒதுக்கிய விடுதியைப் பார்த்தார், மூன்றாம் நாள் மருத்துவ விடுமுறையில் போனார். நிபுணர் பிரிவு கட்ட வேண்டும் என்று பழைய பிரசவ அறையின் ஓட்டைக் கழற்றினார்கள். கழற்றிய ஓடு அடுக்கி வைக்கப்பட்டது, கட்ட ஆள் வரவில்லை. நிபுணர் இல்லாமல் பிரசவம் பார்ப்பது ஆதார வைத்தியசாலையின் தரத்துக்குப் பொருந்தாது என்று வாசலில் ஒட்டினார்கள். ஆகமொத்தம், தரம் உயர்ந்த நாளிலிருந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை.

பெண்கள் பெட்டிசம் எழுதவில்லை. ஓட்டோ பிடித்து நாலு மைல் தெற்கே கனகரெத்தினம் ஐயாவிடம் போனார்கள். இதுதான் குழுவுக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. பலகை எங்களிடம், சனம் அங்கே. நாற்பத்தோராவது பெட்டிசம் அதற்காகப் பிறந்தது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரி தேவையற்ற வீண்விரயம், அதை மூடி ஆளையும் தளபாடத்தையும் எங்களுக்குத் தர வேண்டும். இங்ஙனம், பொதுமக்கள். நான் ஐந்தாவதாகக் கையெழுத்து வைத்தேன்.

அந்த நேரம் ஸப்னா முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளை ஸஜாத் கட்டாரில். தலைப்பிள்ளை, ஜூன் நடுவில் நாள் சொல்லியிருந்தார்கள். மகளை ஐயாவிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்று நான் சொன்னபோது ஸமட் காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜூன் முதலாம் திகதி நிபுணர் திரும்பி வருகிறார், நிபுணர் பிரிவில் பிறக்கும் முதல் பிள்ளை தன் பேரப்பிள்ளைதான் என்றார். அந்தப் பிரிவுக்கு இன்னும் ஓடுகூட இல்லை. அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு மகள்தான். அவளையும் தன் கருத்துக்காகப் பணயம் வைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வருடம் மே மாதம் யுத்தம் முடிந்தது. எங்கள் சந்தோஷம் பொய்யல்ல. முப்பது வருடம் பயந்து பயந்து வயலுக்குப் போனவர்கள் நாங்கள். ஆனால் சந்தோஷத்தையும் குழு போட்டுத்தான் எங்களுக்குச் செய்ய வரும். பிரதான வீதியில் ஊர்வலம். பதாகை எழுதியது ஸமட் காக்கா. ஊர்வலத்துக்கு முன்னால், பலூன் கட்டி, சைரன் ஊதிக்கொண்டு போனது எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே அம்பியுலன்ஸ்.

ஊர்வலம் வடக்கே திரும்பும்போது மர்சூக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். ஸப்னாவுக்குப் பிரசவ நோவு கண்டுவிட்டது, நாலு கிழமை முந்தி. ஸமட் காக்கா பதாகைக் கம்பை என் கையில் தந்துவிட்டு ஓடினார். நான் கம்பை ஒன்பதாவது உபதலைவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

ஓட்டோவை முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் விடச் சொன்னார். இருந்தது ஒரு மருத்துவ மாது. ஸப்னாவைத் தொட்டுப் பார்த்த உடனே அவர் முகம் மாறியது. பிள்ளை தலை கீழாக இல்லை, கால் பக்கமாக வருகிறது, இங்கே வைத்திருக்க முடியாது, கல்முனைக்குக் கொண்டுபோங்கள் என்று துண்டு எழுதித் தந்தார். அம்பியுலன்ஸ் ஊர்வலத்தில். கல்முனைக்குப் போகும் வீதியிலும் ஊர்வலம். எங்கள் ஊர் முழுதும் அந்த வீதியில்தான் நின்றது, நாங்கள்தான் கூட்டிவந்து நிறுத்தியிருந்தோம். சைரன் சத்தம் நன்றாகக் கேட்டது.

“வாப்பா, ஐயாக்கிட்ட போவம்” என்றாள் ஸப்னா. அவர் பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு மர்சூக்கின் தோளில் தட்டி, தெற்கே விடச் சொன்னார்.

கடற்கரைப் பாதையால் போனோம். அந்தக் கிராமத்தில் ஒரு சத்தமும் இல்லை. வீடுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கனகரெத்தினம் ஐயாவின் அக்கா குடும்பம் கடைசி யுத்தம் நடந்த வன்னியில் இருந்ததும், ஒரு மாதமாக அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டோவைக் கண்டதும் ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். ஸமட் காக்காவின் சேட்டுப் பையில், இரண்டு பேனைக்கும் நடுவில், ஊர்வலத்துக் கடதாசிக் கொடி நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஐயாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஸமட் காக்கா மெதுவாக எடுத்து மடித்து மடியில் சொருகினார்.

ஒன்றரை மணித்தியாலம் நாங்கள் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மகள் கத்தும்போதெல்லாம் அவர் என் கையைப் பிடித்து நெரித்தார். துஆவைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை. நாற்பத்தொரு பெட்டிசத்தில் ஒரு வரியும் அந்த நேரம் அவருக்கு உதவவில்லை.

கதவைத் திறந்து ஐயா வந்தார், சேட்டு முழுக்க வியர்வை. “ஆம்புளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். பயப்பிடாதீங்க காக்கா” என்றார். ஸமட் காக்கா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

பின்நேரம், மகளும் பேரனும் தூங்கிய பிறகு, ஐயா அவரை அறைக்குள் கூப்பிட்டார். நானும் போனேன். மேலிடத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை மேசையில் வைத்தார். இந்த ஆஸ்பத்திரியை மூடும்படி பொதுமக்கள் கேட்டிருக்கிறார்கள், பதினான்கு நாளுக்குள் பதில் தரவும் என்று இருந்தது. அதோடு பெட்டிசத்தின் பிரதி. வடிவான, சாய்ந்த எழுத்து.

“இந்த எழுத்து எனக்குத் தெரியும் காக்கா. என்ட வீட்டில சட்டம் போட்டுத் தொங்குது” என்றார் ஐயா. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “எனக்கு மருந்துச் சீட்டுத்தான் எழுத வரும். இதுக்குப் பதிலையும் நீங்களே எழுதித் தாங்க.”

அடுத்த வெள்ளி குழுக் கூட்டத்தில் ஸமட் காக்கா அந்தப் பதிலை வாசித்தார். ஒரு பக்கம்தான். காரமான பந்தி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட மேசையில் நடந்ததையும், ஓடில்லாத பிரசவ அறையையும், ஊர்வலம் போன அம்பியுலன்ஸையும் நடந்தபடியே எழுதியிருந்தார். கடைசியில் ‘இங்ஙனம், அப்துல் ஸமட், ஸப்னாவின் வாப்பா’ என்று இருந்தது.

சபை கொதித்தது. ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டார், தரத்தைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். தலைவர் மட்டும் தந்திரமாகக் கேட்டார், வழமைபோல பொதுமக்கள் என்று போட்டிருந்தால் யார் எழுதினதென்று ஒருவருக்கும் தெரிய வந்திருக்காதே என்று.

“பொதுமக்களுக்கு எப்ப நோவு வந்த?” என்றார் ஸமட் காக்கா. “நோவு வந்தது என்ட மகளுக்கு.”

சொல்லிவிட்டு, விரும்பியவர்கள் தங்கள் பெயரைச் சேர்க்கலாம் என்று கடிதத்தை மேசையில் விரித்து, கொடுக்கிற பேனையை அதன்மேல் வைத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் அன்றைக்குத்தான் ஒரு கடிதத்தை முழுதாக வாசித்தார்கள். நாற்பத்தொரு தடவை வாசிக்காமல் கையெழுத்து வைத்த எனக்கு, அந்த ஒன்றில் என் பெயரை எழுத இரண்டு நாள் பிடித்தது.