பழ வாசனை

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் என்னைச் சபிக்கிற பாடம் ஒன்று உண்டு: சிட்ரிக் அமிலச் சுழற்சி. தின்ற சோறு செல்லுக்குள் எப்படித் தெம்பாக மாறுகிறது என்பதுதான் விஷயம். அதற்கு நான் ஷேர் ஆட்டோவைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நாலு கார்பன் உள்ள ஓர் அமிலம்தான் அந்த வண்டி. ரெண்டு கார்பன் உள்ள அசிட்டைல் அதில் ஏறினால் ஆறாகிவிடும், பெயரும் சிட்ரிக் அமிலம் என்று மாறிவிடும். போகிற வழியில் ரெண்டு கார்பன் கரியமில வாயுவாக இறங்கிவிடும். நாம் வெளியே விடும் மூச்சு அதுதான். போகப் போக உடம்புக்கு சக்தி கிடைத்துக்கொண்டே இருக்கும். வண்டி பழையபடி நாலாகத் திரும்பி வந்து அடுத்த ரெண்டை ஏற்றிக்கொள்ளும்.

ஆட்டோவே வராவிட்டால் என்ன ஆகும் மிஸ் என்று பின் பெஞ்சிலிருந்து எவனாவது கேட்பான். ஏறவேண்டியவர்கள் நிறுத்தத்திலேயே குவிந்து கிடப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் படத்தை வரையச் சொல்வேன். என் தங்கை உடம்பில் அது நடந்த கதையை வகுப்பில் சொன்னதில்லை.

அவளுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை வந்தது. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. ஊசி போட்டுக்கொண்டால் எல்லாப் பெண்களையும் போல ஓடுவாள், சிரிப்பாள், என் துப்பட்டாவைத் திருடுவாள். போடாவிட்டால் செத்துப்போவாள். அம்மாவுக்கு அது நோயாகத் தெரியவில்லை, அவமானமாகத் தெரிந்தது. அஸ்தினாபுரத்தில் வரிசையாகக் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பத்திலிருந்து வரன் வந்தது. ஜாதகம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், நடக்கவிட்டும் பார்த்தார்கள். சர்க்கரை உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. நான் சொல்லத்தான் போகிறேன் என்று குதித்தேன். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்ட திமிர் என்றாள் அம்மா. தங்கையோ சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அடங்கிப்போனேன், கல்யாணம் நடந்தது.

அதனால் அவளுடைய இன்சுலின் குரோம்பேட்டையில் என் வீட்டு ஃபிரிட்ஜில் வாழ்ந்தது. ஒரே ஒரு பேனா ஊசியை மேக்கப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போவாள், குளியலறையில் போட்டுக்கொள்வாள். பாத்ரூமில் ரொம்ப நேரம் ஆக்குகிறாள் என்பதுதான் மாப்பிள்ளைக்குத் தன் பெண்டாட்டியைப் பற்றித் தெரிந்த ஒரே சங்கதி.

ஒரு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று மாமியார் முணுமுணுக்க ஆரம்பித்தாள். கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் இருக்கவேண்டும், சாயங்காலம் மட்டும் ஒரு டம்ளர் பால் என்று உத்தரவாயிற்று. சாப்பிடாத நாளில் ஊசி போடணுமா என்று தங்கை அம்மாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்டிருந்தால் விரதமே கூடாது என்று கத்தியிருப்பேன், அது இருவருக்குமே தெரியும். அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: சாப்பாட்டுக்குத்தானே ஊசி, சாப்பாடே இல்லாதபோது எதற்கு? தங்கைக்குச் சின்ன வயதிலிருந்து ஊசி போட்டுவிட்ட கை அம்மாவுடையது. அவளுக்கே அவ்வளவுதான் புரிந்திருந்தது.

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் வேண்டும். அது இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை வழியும், பெரும்பாலான செல்களோ அதைத் தொடமுடியாமல் பட்டினி கிடக்கும். உடம்பு பயந்துபோய்க் கொழுப்பை உடைக்கும். கொழுப்பிலிருந்து அசிட்டைல் வந்து குவியும். ஆனால் அதை ஏற்றிக்கொள்ளவேண்டிய நாலு கார்பன் அமிலத்தைக் கல்லீரல் இன்னும் சர்க்கரை செய்வதற்காக இழுத்துக்கொண்டு போயிருக்கும். கூட்டம் நிற்கிறது, ஆட்டோ இல்லை. தேங்கிய அசிட்டைல் கீட்டோனாக மாறி ரத்தத்தைப் புளிக்கவைக்கும். கொஞ்சம் மூச்சு வழியாகவும் வெளியேறும். நன்றாகக் கனிந்த பழத்தின் வாசனை அதற்கு.

விரதத்தின் நாலாம் நாள் நான் பரீட்சை ஹாலில் இருந்தேன். அம்மா விடாமல் கூப்பிட்டாள். வெளியே வந்து எடுத்தேன். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"அவ வாயைத் தொறந்தாலே பழ வாசனை வருதாம்டி. முருகனே வந்து உக்காந்துட்டான்னு சம்பந்தி சொல்றாங்க. தெருவே வந்து பாத்துட்டுப் போகுதாம்."

ஊசி போட்டாளா என்று கேட்டேன். விரதத்துல எதுக்குடி ஊசி என்றாள். விடைத்தாள்களை யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. பூஜை அறை வாசலில் பாயில் கிடந்தாள் தங்கை. கண்கள் உள்ளே போயிருந்தன. ஓடி முடித்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், இமைகூட அசையவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாளாம். இப்படிக் குடித்தால் அது என்ன விரதம் என்று சொம்பை எடுத்து வைத்துவிட்டார்களாம். இன்னும் ரெண்டு நாள்தான், முடித்துவிடுவாள் என்று மாமியார் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கு முன்னாலேயே வந்திருந்த அம்மா பட்டுப் புடவையில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. வெளியே போய்ப் பேசிக்கலாம் என்று காதில் சொன்னாள்.

நான் உரக்கச் சொன்னேன். "இவளுக்குப் பதினோரு வயசுலேர்ந்து சுகர். நாலு நாளா இன்சுலின் போடல. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கலைன்னா செத்துடுவா."

மாமியார் பாயில் கிடந்தவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"பதினோரு வயசுலேர்ந்தா?"

அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. ஏமாத்திட்டீங்க என்று ஒருத்தி, இவ பொய் சொல்றா என்று இன்னொருத்தி. இந்த இன்னொருத்தி என்னைப் பெற்றவள். நடுவில் ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தான். அவன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். சாவியைத் திரும்ப மாட்டிவிட்டான். அவன் நன்றாக இருக்கட்டும் என்று என் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அருள் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள்தான் பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் காலைப் பிடித்தாள். நான் தோளைப் பிடித்தேன். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. ஏற்றியதும் ஆட்டோக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னாக்கா, சரக்கா?" என்றார். வீட்டுக்குள் முருகனாக இருந்தது தெருவில் சரக்காகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு விடுங்க என்றேன், அவரும் வேறு கேட்காமல் விரட்டி ஓட்டினார்.

சலைனும் இன்சுலினும் சொட்டுச் சொட்டாக இறங்கின. பிழைத்துவிடுவாள் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். அஸ்தினாபுரத்திலிருந்து யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அவள் துணிமணிகள் ஒரு பெட்டியில் வந்து ரிசப்ஷனில் கிடந்தன. மேலாக அந்த மேக்கப் பையை வைத்திருந்தார்கள், ஜிப் திறந்தபடி, ஊசி கண்ணில் படும்படி.

அம்மா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவ இன்னும் அந்த வீட்டு மருமகளா இருந்திருப்பா."

"ஆமா, மாலை போட்ட போட்டோவுல" என்றேன். அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசுவதில்லை, எனக்கும் அதில் பெரிய நஷ்டம் இல்லை.

அன்று சாயங்காலம் தங்கை கண் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்பாள் என்று டம்ளரை எடுத்தேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றாள்.

தெரிந்துவிட்டது என்றேன். சுவரோரமாக நான் கொண்டுவந்து வைத்திருந்த பெட்டி அவள் கண்ணில் பட்டது.

"இன்னும் ரெண்டு நாள்தானே அக்கா இருந்தது."

ஓங்கி அறையலாம் போல இருந்தது. அதற்குள் நர்ஸ் ரத்தம் எடுக்க வந்துவிட்டாள். விரலை நீட்டுடி என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள்.